புகையின் கணக்கு

நாம் விடுகிற புகைக்குப் பெரிய அளவில் கணக்கு எழுதப்பட்டது ஒரு தீவில். இரும்புலியூரிலிருந்து தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போனால் மாலத்தீவுக் கூட்டத்தில் காஷிதூ என்றொரு பவளத்தீவு வரும். 1998இல் அங்கே வளிமண்டலக் கவனிப்பு நிலையம் ஒன்றை அமைத்தார்கள். அந்த முயற்சியின் தலைவர்களில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன், தமிழர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினீயரிங் படித்தவர். தமிழர் ஒருவர் அமெரிக்காவில் பெரிய ஆளானார் என்ற தோரணையில் செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதியிருக்கின்றன. எனக்கு அந்தப் பெருமையில் அக்கறை இல்லை. ஒரு சமூகம் தன் புகையைத் தானே பார்க்க முடியாமல் தீவுக்குப் போய்ப் பார்த்துவரவேண்டியிருந்தது என்பதும், பார்த்து வந்து சொன்னபோது பெயரைப் பற்றிச் சண்டை போட்டது என்பதும்தான் எனக்கு விஷயம்.

முதலில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் காற்றைப் பற்றி. தாம்பரம் காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு முந்திய காலம் அது. திறந்த வெளி, வெயில், சத்துள்ள சாப்பாடு, இவைதாம் மருந்து. 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் இன்னும் இருக்கிறது. அந்த நாளைய காற்று எவ்வளவு சுத்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. நோயாளியின் எடை கூடியதா, இருமல் குறைந்ததா என்று எழுதியிருப்பார்கள். காற்றைப் பற்றி எஞ்சியிருப்பது ‘நல்ல காற்று’ என்ற பெயரடை மட்டுமே. நம் இலக்கிய விமர்சனத்தைப் போல.

காற்றுக்குப் பெயர் வைப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்ல. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வாடை என்றால் பிரிவு, தென்றல் என்றால் சுகம் என்று ஒவ்வொன்றுக்கும் மனநிலையும் வகுத்தாயிற்று. காற்று எங்கிருந்து வருகிறது என்று இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று கேட்டவர் இல்லை. கேட்கவேண்டிய தேவையும் அன்று இல்லை.

எண்களில் எழுதும் பழக்கம் கும்பினியோடு வந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் கட்டப்பட்டது. மைக்கேல் டாப்பிங் அதன் சிற்பி. அங்கே நாட்டிய கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதிவைத்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருபவர்களும் பிரிட்டிஷாரின் தாராளத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற தொனியிலான வாசகம். தூண் இன்றைய வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. தாராளத்தைப் பற்றி நாம் வேறு விதமாக நினைக்கலாம். கப்பல்களுக்குத் தீர்க்கரேகை வேண்டும், நில அளவைக்கு ஆதாரப் புள்ளி வேண்டும், அதற்காகக் கட்டினார்கள். ஆனால் பக்கத்திலேயே ஒரு பழக்கமும் வளர்ந்தது. 1796இலிருந்து வெப்பமானியையும் பாரமானியையும் நாள் தவறாமல் பார்த்து எழுதினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பரங்கிமலையில் நடந்தது. ஜான் கோல்டிங்ஹாம் அந்த நிலையத்தின் தலைவராக இருந்தபோது, 1820ஐ ஒட்டிய வருஷங்களில், ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடும் பீரங்கியை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தார். நுங்கம்பாக்கத்தில் நின்றுகொண்டு பீரங்கியின் வெளிச்சம் தெரிந்த கணத்துக்கும் சத்தம் கேட்ட கணத்துக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணவேண்டியது. பரங்கிமலையிலிருந்து ஐந்தரை மைலுக்குச் சற்று மேல். சத்தம் வந்து சேரக் கால் நிமிஷத்துக்கும் அதிகமாகும். 1823இல் முடிவுகள் லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் வெளியாயின. சத்தம் எல்லா மாதத்திலும் ஒரே வேகத்தில் வரவில்லை. வெப்பம் ஏறினால் வேகம் கூடியது, ஈரமும் காற்றின் திசையும் தங்கள் பங்கைச் செய்தன. ஒருமுறை எண்ணினால் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் அதே பீரங்கி, அதே இடம், அதே வேலை என்று எண்ணியதால்தான் பருவம் எண்ணுக்குள் தெரியவந்தது. கல்விகற்ற சென்னைவாசிகள் அந்தப் பீரங்கிச் சத்தத்தை மணி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தியிருப்பார்கள்.

எழுதியவர்கள் யார் என்பது இன்னொரு கேள்வி. ஐரோப்பியத் தலைவர்களின் பெயர் வரிசை நமக்குத் தெரியும். ராத்திரி கண்விழித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள். சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டதால் அவர் பெயர் தப்பியது. மற்றவர்கள் பத்திகளில் எண்களாக இருக்கிறார்கள்.

இவ்வளவு நீண்ட பதிவேடு இருந்தும் அதற்கு ஒரு குறை உண்டு. வெப்பமானி நின்ற இடத்தைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது. தோப்பும் ஏரியுமாக இருந்த நுங்கம்பாக்கம் இன்று பட்டணத்தின் நடு. அங்கே வெப்பம் ஏறினால் அதில் பூமியின் பங்கு எவ்வளவு, கான்கிரீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவேண்டியிருக்கிறது. கரியமிலவாயுவை ஜி.எஸ்.டி. சாலையில் அளந்தால் கடந்து போன லாரியைத்தான் அளந்திருப்போம். உலகத்தின் காற்றை அளக்க ஊரில்லாத இடம் வேண்டும். நாலு பக்கமும் கடல், ஆயிரக்கணக்கான மைல் கலந்து வந்த காற்று. தீவு என்ற யோசனை இப்படித்தான் வந்தது.

ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலையின் சரிவில், கடல் மட்டத்துக்கு 3,397 மீட்டர் உயரத்தில், 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் தன் கருவியை வைத்தார். எரிமலைமேல் போய் வாயுவை அளப்பதா என்று கேட்கத் தோன்றும். ராத்திரியில் மேலிருந்து இறங்கும் காற்றில் எரிமலை வாயிலின் ஆவி கலப்பதுண்டு. பகலில் சரிவு சூடாகிக் கீழேயுள்ள செடிகொடிகள் மென்ற காற்று மேலே ஏறும். இரண்டையும் கழித்து, எண் அசையாமல் நிற்கிற நேரங்களை மட்டும் எடுத்துக்கொள்வது அவர் முறை. முதலில் கிடைத்தது பத்து லட்சத்தில் 313 பங்கு. ஒரு வருஷத்துக்குள் எண் மேலேறி இறங்கியது. வடபாதி பூமியின் காடுகள் துளிர்க்கும்போது இழுத்துக்கொள்கின்றன, உதிரும்போது விட்டுவிடுகின்றன. மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் வாக்கில் பள்ளம். இரண்டாம் வருஷம் அதே ஏற்ற இறக்கம், ஆனால் ஒரு படி மேலே. 2013 மே மாதம் நாள் சராசரி 400ஐத் தொட்டது. 2025 மே மாதத்தின் சராசரி 430ஐத் தாண்டியது.

இந்த வரைபடத்தை இன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போடுகிறார்கள். கீலிங்குக்கு அன்று நடந்ததை நம் வட்டத்தினர் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரே எண்ணை எத்தனை வருஷம் எடுப்பாய், இதில் புதிய கண்டுபிடிப்பு என்ன என்ற கேள்வி அவரைத் தொடர்ந்து வந்தது. பணம் வெட்டப்பட்டு 1964இல் சில மாதங்கள் அளவை நின்றது. வரைபடத்தில் அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது. சந்தா வராமல் மூன்று இதழ் நின்றுபோன சிறுபத்திரிகையின் தொகுப்பைப் புரட்டுவது போலத்தான். ஒரு வித்தியாசம்: நின்றுபோன இதழைப் பிறகு சேர்த்துப் போடலாம், 1964 மார்ச்சின் காற்றை எங்கே போய்ப் பிடிப்பது?

மௌனா லோவாவின் எண் எல்லோருக்கும் பொதுவானது. கரியமிலவாயு நூற்றுக்கணக்கான வருஷம் காற்றில் தங்குவதால் உலகம் முழுக்கக் கலந்துவிடுகிறது. எவர் விட்டது என்று அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. புகைக்கரி அப்படியல்ல. ஒன்றிரண்டு வாரம் மிதக்கும், பிறகு மழையில் கரைந்து இறங்கிவிடும். அதனால் அதற்கு ஊர் உண்டு, பருவம் உண்டு. அதைப் பிடிக்க வேறொரு தீவு வேண்டியிருந்தது.

ராமநாதன் இதற்குள் வந்த வழி விசித்திரமானது. படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. குளிரூட்டும் வாயு கசிகிறது, அதைத் தடுக்கவேண்டும். பிறகு பெங்களூர், பிறகு அமெரிக்கா. 1975இல் அவர் வெளியிட்ட கட்டுரை அதே இனத்து வாயுவைப் பற்றியது. குளோரோஃபுளோரோகார்பனின் ஒரு மூலக்கூறு வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமிலவாயுவின் மூலக்கூறைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு வலியது என்று அது சொல்லிற்று. தொழிற்சாலையில் கசிந்ததும் கட்டுரையில் கணக்கிட்டதும் ஒரே சரக்கு.

1999 ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்துமாக்கடல் பரிசோதனை நடந்தது. ராமநாதனோடு ஓஸோன் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பால் க்ருட்ஸென் தலைமையில் இருந்தார். இந்தியத் தரப்பை ஏ.பி. மித்ரா நடத்தினார், ‘சாகர் கன்யா’ கப்பல் போயிற்று. பருவத்தைக் கவனிக்கவேண்டும். அந்த மூன்று மாதமும் காற்று துணைக்கண்டத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அதாவது நம் வாடையும் கொண்டலும். மழை இல்லாததால் புகையைக் கழுவ ஆள் இல்லை. அடுப்பு, செங்கல் சூளை, வயலில் எரித்த தாள், டீசல், அனல்மின் நிலையம், எல்லாம் சேர்ந்து கடல்மேல் போகிறது.

சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்த நடுக்கடலில் பழுப்பு மங்கல் இருந்தது. சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை, ஒரு கோடி சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரவியிருந்தது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இரு அரைக்கோளத்துக் காற்றும் சந்திக்கும் மேகப்பட்டையைத் தாண்டினால்தான் வானம் நீலமாயிற்று. கடலில் விழும் வெயிலில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. காஷிதூவில் வைத்த சூரிய ஒளிமானிகள் இன்னொன்றைச் சொல்லின. பிடித்துக்கொண்ட வெயில் முழுவதையும் புகை ஆகாயத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. கரி அதில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் கீழே கடல் குளிர்கிறது, மேலே காற்று சூடாகிறது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். மினிக்காய்த் தீவில் திருவனந்தபுரம் விண்வெளி ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலேயே நுண்துகள்களை அளந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் சண்டை போடாததால் யாருக்கும் தெரியாது.

சண்டை 2002இல் வந்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. டில்லியில் கோபம். பெங்களூர் விஞ்ஞானிகள் ஜே. ஸ்ரீநிவாசனும் சுலோசனா காட்கிலும் ‘கரண்ட் ஸயன்ஸ்’ ஏட்டில் மறுப்பு எழுதினார்கள். இம்மாதிரி மங்கல் உலகின் வேறு பகுதிகளிலும் உண்டு. இது வறண்ட மாதங்களின் சங்கதி, வருஷம் முழுவதற்கும் உரியதல்ல. பருவமழை கெடும், பயிர் குறையும் என்பதெல்லாம் கணக்கு மாதிரிகளை நம்பிச் சொல்வது. இவை நியாயமான ஆட்சேபணைகள். ‘ஆசிய’ என்ற அடைமொழி குற்றச்சாட்டாகவே ஒலித்தது. பின்னால் அதை எடுத்துவிட்டு ‘வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்’ என்று மாற்றினார்கள்.

விஞ்ஞானிகளின் மறுப்பையும் அரசாங்கத்தின் ரோஷத்தையும் ஒன்றாகக் கட்டக்கூடாது. 1991லேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்பதற்கு விடும் புகையையும் சொகுசுக்கு விடும் புகையையும் ஒரே தராசில் வைக்காதே என்று வாதாடியிருந்தார்கள். அந்த வாதத்தின் பலம் இன்னும் குறையவில்லை. ஆனால் அதே வாதத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ஏழையின் அடுப்பு பணக்காரனின் புகைபோக்கிக்குத் திரையாயிற்று. புகை இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, அதை எப்படி அழைப்பது என்று பேசினோம். நமக்குக் கைவந்த கலை. புதுக்கவிதையா வசனகவிதையா என்று எத்தனை பக்கம் எழுதினோம் என்பது இதை வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

யாருடைய புகை என்பதற்கு விடையைத் தீவுதான் கொடுத்தது. 2004 வாக்கில் மாலத்தீவின் வடக்கே ஹனிமாதூவில் இன்னொரு நிலையம் வந்தது. அங்கும் புணேக்கு அருகில் சின்ஹகட்டிலும் வடிதாளில் கரியைப் பிடித்து, ஸ்டாக்ஹோமின் குஸ்தாஃப்சன் குழுவினர் அதன் கதிரியக்கக் கரிமத்தை அளந்தார்கள். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருஷம் பூமிக்கடியில் கிடந்ததால் அவற்றில் கரிமம்-14 அற்றுப்போயிருக்கும். விறகிலும் சாணத்திலும் வைக்கோலிலும் அது புதிதாக இருக்கும். ஆகவே ஒரு துகள் அடுப்பிலிருந்து வந்ததா எஞ்சினிலிருந்து வந்ததா என்று கேட்கமுடியும். 2009இல் முடிவு வெளியாயிற்று: கரியில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு வகை. மிச்சம் எஞ்சின் வகை. இரண்டு தரப்பும் தனக்குச் சாதகம் என்று எடுத்துக்கொள்ளத்தக்க முடிவு. எனக்கு அதில் தெரிவது வேறு. அந்த அடுப்பின் புகை கடலைத் தாண்டித் தீவுக்குப் போய்ச் சேருமுன் ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் போய்விட்டுத்தான் போகிறது. மாலத்தீவுக்காரர்களுக்கோ தரை கடலுக்குமேல் ஒன்றரை மீட்டர்தான். நம் கணக்கைப் பார்க்க இடம் கொடுத்தவர்கள் அவர்கள்.

இதெல்லாம் தூரத்துச் சமாச்சாரம் என்று நினைத்தால் 2015 டிசம்பருக்கு வரலாம். டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. இரும்புலியூருக்குப் பக்கத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுக்குள் போயின. மறுவாரமே எல்லோரும் பூமி வெப்பமாதல் என்றார்கள். ஏரியையும் ஓடையையும் பட்டா போட்டு விற்றவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆராய்ந்து பார்த்த வான் ஓல்டன்பர்க் குழுவினர் (டில்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ண அச்சுதராவ் அதில் ஒருவர்) 2016இல் எழுதிய முடிவு வேறு மாதிரி. அந்த ஒருநாள் மழையில் வெப்பமாதலின் விளைவு தென்படவில்லை. ஏன் தென்படவில்லை? வாயுக்கள் சூடாக்குவதை நுண்துகள்கள் இதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதி மற்றக் கடல்களைப் போல் சூடாகவில்லை.

காஷிதூவில் அளந்த மங்கல் முடிச்சூர் மழைக்குள் வந்து நிற்கிறது. ஊகம்தான், நிரூபணம் அல்ல. ஆனால் தீவின் எண்கள் இல்லாவிட்டால் இந்த ஊகத்துக்கே இடமில்லை. எங்கள் ஊரில் எங்கள் தலைமேல் பெய்ததை எங்கள் வெப்பமானியையும் மழைமானியையும் மட்டும் வைத்து வாசிக்க முடியவில்லை. இதில் பயப்படவும் இடமிருக்கிறது. நெஞ்சுக்காகப் புகையைக் குறைக்கத்தான் வேண்டும். குறைந்தால் இரண்டு வாரத்தில் திரை விலகும். திரைக்குப் பின்னாலுள்ள வாயு விலக நூற்றாண்டுகள் ஆகும்.

இதற்கிடையே தீவுகளின் பாடும் சுகமில்லை. 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்து, லாவா சாலையையும் மின்கம்பியையும் அறுத்தது. பக்கத்து மௌனா கேயா மலையில் கருவி வைத்து இடைவெளி நீளாமல் பார்த்துக்கொண்டார்கள். 2025இல் அமெரிக்க நிர்வாகத்தின் வரவுசெலவுத் திட்டம் அந்த நிலையத்துக்கான பணத்தையே நிறுத்த முன்மொழிந்தது. எரிமலை கொஞ்சம் தாட்சண்யம் காட்டியது என்று சொல்லலாம்.

இங்கே, பரங்கிமலையின் அடிவாரத்தில், கோல்டிங்ஹாமின் பீரங்கி நின்ற இடத்துக்கு அருகிலேயே, ஆலந்தூர்ப் பேருந்துப் பணிமனையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு காற்றளவைக் கருவியை வைத்தது. போகியன்று அது காட்டிய எண்ணை மறுநாள் பத்திரிகையில் போடுவார்கள். 2018இல் போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்களின் எண்ணைக் கேட்பவர் குறைவு.

நான் 2016 ஜனவரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இரும்புலியூரில் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் திரிசூலம் மலை. தெரிகிறது, மங்கலாகத் தெரிகிறது, தெரியவில்லை, இந்த மூன்றில் ஒன்று. பக்கத்துப் பத்தியில் காற்றின் திசை. பழைய வானிலை நிலையங்களில் தெரிதூரத்தை இப்படித்தான், குறித்த மலையையும் கோபுரத்தையும் பார்த்து எழுதினார்கள். கருவி தேவையில்லை. மதுரை நண்பர்களுக்கு யானைமலை இருக்கிறது, நாகர்கோவில்காரர்களுக்கு வேளிமலை. எழுத விரும்புகிறவர்கள் நேரத்தை மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்ளவேண்டும். வானிலை ஆய்வு மையத்தாரின் வழக்கப்படி காலை எட்டரை.